நாற்பத்தெட்டு பார் ஓய்வு

எங்கள் காகித ஆலை பேண்டில் பாட்டுகளுக்குப் பெயர் சொல்லிப் பழக்கமில்லை. அட்டையில் பெயர் அச்சாகித்தான் இருக்கும். ஆனால் அதை ஆளுக்கொரு விதமாக வாசித்து ஒவ்வொரு தடவையும் வாய்ச்சண்டையில் போய் நின்றதால், அலமாரியில் ஒட்டிய எண்ணையே பெயராக வைத்துக்கொண்டோம். "நாப்பத்தொண்ணு எடுங்க" என்றால் கிளாரினெட்காரர்கள் முகம் சுளிப்பார்கள். "அறுபத்துமூணு" என்றால் ட்ராம்போன்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். எனக்கு எந்த எண்ணாக இருந்தாலும் ஒன்றுதான். நான் பெரிய டிரம். ஒரு அடி அடித்துவிட்டு முப்பது எண்ண வேண்டும், மறுபடி ஒரு அடி. என் ஆயுளில் வாசித்ததைவிட எண்ணிக்கொண்டு சும்மா நின்றதுதான் அதிகம். பேண்டில் என்னை டும்மு என்பார்கள்.

அந்த வருஷம் கிளாரினெட்டுக்கு நாற்காலித் தேர்வு வந்தது. ஆலைக்குப் பின்னால் ஒரே வரிசையில் ஏழு வீடுகள் உண்டு. பேண்டில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் முதல் நாற்காலி ஒன்று, ஆக ஏழு நாற்காலிக்கு ஏழு வீடு. டிரம்மில் முதலும் கடைசியும் நான் ஒருவனே என்பதால் எனக்கும் ஒன்று கிடைத்தது. அதில் வயிறு எரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மற்றத் தொழிலாளிகளுக்கு ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி என்று விடுதிக் கூடங்கள்தான். ஆலைக்குச் சொந்தமில்லாத கூரை ஊரில் கிடையாது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை நாற்காலிக்காரர் எழுந்து முன்னால் வந்து, மொத்த பேண்டும் பின்னணி வாசிக்க, மேனேஜர் எதிரில் தனியாக ஒரு பாட்டு வாசித்துக் காட்ட வேண்டும். தேறினால் வீடு இன்னும் மூன்று வருஷத்துக்கு. தேறாவிட்டால் நாற்காலி அடுத்தவருக்கு, வீடும் அவர் பின்னால் போய்விடும். அந்த அடுத்தவர் அதே வீட்டு ஆளாக இருந்துவிட்டால் மட்டும் யாரும் பெட்டி கட்ட வேண்டாம்.

முதல் கிளாரினெட் என் பக்கத்து வீட்டு அக்கா. கூடப் பிறந்தவள் இல்லை. பதினேழு வருஷம் ஒரு மெல்லிய சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குடியிருந்ததில் அப்படி ஆகிவிட்டது. பகலில் அவளுக்குத் தாள் பிரிக்கும் பகுதியில் வேலை. சாய்ந்த மேசை முன்னால் எட்டு மணி நேரம் நின்று, அடுக்கின் மூலையைக் கட்டை விரலால் விசிறிபோல் விரித்து, ஒவ்வொரு தாளாகப் புரட்டி, புள்ளி விழுந்ததையும் சுருக்கம் விழுந்ததையும் உருவிப் போட வேண்டும். தாளின் ஓரம் எப்போது வெட்டியது என்றே தெரியாது, ரத்தம் தாளில் பட்ட பிறகுதான் தெரியும். பட்ட தாளையும் அவளே உருவிப் போட வேண்டும். அந்த விரல்கள் சாயங்காலம் கிளாரினெட் துளைகளை மூடினால் ஒரு பொட்டுக் காற்று கசியாது.

அவள் வீட்டுக்காரரை நாங்கள் அலமாரிக்காரர் என்போம். எட்டு வருஷத்துக்கு முன் ஒரு காகித உருளை நழுவி முதுகைப் பதம் பார்த்துவிட்டது. அதன்பின் ஆலை அவரிடம் பேண்டின் இசைத்தாள் அலமாரிகளை ஒப்படைத்தது. கிழிந்ததை ஒட்டுவார், எண் எழுதுவார், ஒத்திகைக்கு ஒத்திகை தாள்களை நாற்காலி நாற்காலியாக வைப்பார். வீட்டில் அடுப்பும் அவர் பொறுப்புதான். நல்ல மனுஷன். ஆனால் பயந்த மனுஷன். இந்த வீடு கிடைப்பதற்கு முன் பதினான்கு மாதம் இரண்டு பேரும் குழந்தையோடு பக்கத்து ஊரில் அவருடைய அண்ணன் வீட்டு மாடி அறையில் இருந்தார்கள். அண்ணி ஒவ்வொரு வேளையும் தட்டை வைக்கும் சத்தத்தை அவர் இன்றைக்கும் வாயாலேயே செய்து காட்டுவார். சிரித்துக்கொண்டேதான் செய்வார், கண் சிரிக்காது.

ஒரே மகள். இருபத்திரண்டு வயதாகியும் பாப்பாதான். ஆலை வாசலில் எடைமேடைக் கூண்டுக்குள் உட்கார்ந்து லாரி எடை எழுதுகிறவள், பேண்டில் அம்மாவுக்கு அடுத்த நாற்காலி. அந்த மழைக்காலத்தில் அவளுக்கு நில அளவைத் துறையிலிருந்து வேலை உத்தரவு வந்தது. மாதத்தில் இருபது நாள் வெட்டவெளியில் சங்கிலியும் கொடியும் தூக்கிக்கொண்டு நடக்கிற வேலை. என்னிடம் கடிதத்தைக் காட்டி, "கூண்டுக்குள்ளயே உக்காந்து எனக்குக் கால் இருக்கறதே மறந்து போச்சு மாமா" என்றாள். தேர்வு முடிந்த நாலாம் நாள் அவள் கிளம்ப வேண்டும்.

இனி பல் விஷயம். இது எனக்கு அப்போது தெரியாது, பின்னால்தான் தெரிந்தது. ஆனால் சொல்லாமல் விட்டால் கதை உங்களுக்கு விளங்காது.

அக்காவின் மேல்வரிசை முன்பல் ஒன்று இரண்டு மாதமாக ஆடிக்கொண்டிருந்தது. கிளாரினெட்டை வாயில் வைக்கும் முனையில், மவுத்பீஸில், மேல்பல் இரண்டையும் அழுத்தி ஊன்றித்தான் ஊத வேண்டும். ஊதும்போது அந்த அதிர்வு பல்லின் வேர் வரைக்கும் போகும். பல் டாக்டர் பார்த்துவிட்டு, பிடுங்கி எடுத்துவிட்டு ஆறு மாதம் வாத்தியத்தைத் தொடாதே என்றார். தேர்வு முடியட்டும் என்று வந்துவிட்டாள். பாப்பாவிடம் மூச்சு விடவில்லை. அம்மாவின் நாற்காலி ஆடுகிறது என்று தெரிந்தால் பாப்பா அந்த உத்தரவை மடித்துப் பெட்டியடியில் வைத்துவிட்டு எடைமேடைக்குப் போய்விடுவாள். அவள் அப்படிப்பட்ட பெண். ஆக, எப்படியாவது தேர்வைத் தாண்டிவிட வேண்டும், பெண்ணை பஸ் ஏற்றிவிட வேண்டும், அதற்கப்புறம் பல் விழட்டும் தலை விழட்டும் என்பதுதான் அக்காவின் கணக்கு.

பல் படாமல் ஊத ஒரு வழி உண்டு. மேலுதட்டையும் உள்ளே மடித்துப் பல்லுக்கடியில் மெத்தை மாதிரி கொடுத்து ஊதலாம். சத்தம் மிருதுவாக வரும். ஆனால் மூன்று நிமிஷத்தில் உதடு செத்துவிடும். அதன்பின் கொஞ்சம் ஓய்வு கொடுத்தால்தான் மறுபடி பிடிக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா மூன்று நிமிஷம் ஊதுவதும் நிறுத்துவதுமாக இருந்தது எனக்கு அப்போது கேட்டது. வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பாட்டைத் தேர்ந்தெடுத்த நாளன்று நானும் அங்கேதான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, நல்ல மழை. ஆலைக் கூழ் வாடை மழையில் நனைந்து சமையலறை வரைக்கும் வந்திருந்தது. அலமாரிக்காரர் உருளைக்கிழங்கு சூப் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு நாலு அட்டைகளை மேசையில் பரப்பினார். ஒவ்வொன்றிலும் தனியாக வாசிப்பவரின் தாள் மட்டும் இருந்தது. எல்லா வாத்தியமும் அடங்கிய பெரிய தாளை, ஸ்கோர் என்போம், பேண்டை நடத்துகிற மாஸ்டர் மட்டும்தான் பார்ப்பார். முன்பு ஒரு கார்னெட்காரர் ஸ்கோரைப் பார்த்துவிட்டு, நீ இங்கே மெதுவாக ஊது, நீ அங்கே வாயை மூடு என்று எல்லாரையும் மேய்க்க ஆரம்பித்ததில் கைகலப்பு ஆகிவிட்டது. அன்றிலிருந்து வந்த வழக்கம் அது. ஸ்கோரெல்லாம் அலமாரிக்காரரின் பூட்டுக்குள்.

நாற்பத்தொன்றைத்தான் எல்லாரும் எதிர்பார்த்தோம். ஒன்பது வருஷத்துக்கு முன் அவள் அதை வாசித்து மேனேஜர் எழுந்து நின்றார். ஒரே மெட்டை ஏழு விதமாகத் திருப்பித் திருப்பி வாசிப்பது. தாள் முழுக்க எறும்புக் கூட்டம்தான், மூச்சு விட இடமில்லை. அக்கா அதை ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு ஓரமாக வைத்தாள். அறுபத்துமூன்றை நானே வேண்டாம் என்றேன். பின்னணியில் மற்ற கிளாரினெட்டெல்லாம் அதே குரலில் வாசிக்கும், தனியாக ஊதுகிறவள் கூட்டத்தில் காணாமல் போய்விடுவாள். எண்பத்தாறு ரொம்ப அழகான பாட்டு. மெதுவாக நகரும், ஆனால் உச்சியில் நீள நீளமாக நிற்க வேண்டும். அதைப் பார்த்ததும் அவள் கை தன்னால் மேலுதட்டுக்குப் போனது. நான் அதைப் பார்த்தேன், அவ்வளவுதான், எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

நாலாவது நூற்றுப் பதினேழு. யாரும் வாசித்ததில்லை, நாலைந்து வருஷமாக அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. அக்கா பென்சிலை எடுத்துக்கொண்டு அதை அலசினாள். விநோதம் என்னவென்றால், அவள் சுரங்களைப் பார்க்கவே இல்லை. ஓய்வுகளை மட்டும் டிக் அடித்துக்கொண்டு போனாள். தாளைக் கோடு போட்டுப் பிரித்த ஒவ்வொரு கட்டத்துக்கும் பார் என்று பெயர். எட்டு பார் ஓய்வு, டிக். பன்னிரண்டு பார், டிக். நடுப்பகுதி மெதுவாக வருகிறது. அங்கே ஒரு தடித்த கோடு, அதன்மேல் நாற்பத்தெட்டு என்று போட்டிருந்தது. நாற்பத்தெட்டு பாருக்கு அவள் சும்மா நிற்கலாம், இரண்டு நிமிஷத்துக்கு மேல். அந்த ஓய்வு முடிகிற இடத்தில், மறுபடி நுழைய வசதியாக, அதற்கு முந்தைய இரண்டு பாரில் வேறு யார் வாசிப்பார்கள் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். அங்கே ஹார்ன் என்றிருந்தது, சுருண்ட பித்தளைக் குழல்.

"இந்த எடத்துல ஹார்ன்தான் பாடுது போல," என்றாள் அக்கா.

அலமாரிக்காரர் சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. "ஹார்ன் இருக்கு," என்றார்.

"அப்ப இதையே எடுத்துக்கறேங்க. நூத்திப் பதினேழு."

நான் சிரித்தேன். பாட்டைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் எங்கே வாசிக்கலாம் என்று பார்ப்பார்கள், எங்கே சும்மா இருக்கலாம் என்று பார்த்தது என் அக்கா ஒருத்திதான், பேசாமல் டிரம்முக்கு வந்துவிடு என்று கேலி செய்தேன். அவளும் சிரித்தாள், வாயை மூடிக்கொண்டு. ரொட்டியைச் சூப்பில் ஊறவைத்து ஊறவைத்துத் தின்றாள்.

ஐந்து வாரம் கழித்து மொத்த பேண்டோடும் முதல் ஒத்திகை. ஆலை உணவுக்கூடத்தில் மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு நடக்கும். அக்கா எழுந்து முன்னால் போனதும் முதல் நாற்காலி காலியானது. வழக்கப்படி பாப்பா ஒரு நாற்காலி நகர்ந்து அதில் உட்கார்ந்தாள். மேனேஜரும் அன்று கூடத்தில் இருந்தார், மேற்கூரை ஒழுகுவதைப் பார்க்க வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

முதல் பகுதியை அக்கா நன்றாகவே வாசித்தாள். நாற்பத்தெட்டு பார் ஓய்வு வந்தது. வாத்தியத்தைத் தாழ்த்திக் கைக்குட்டையால் உதட்டைத் துடைத்தாள். ஹார்ன்கள் அடியில் மெல்ல முனகின, நான் நாலு பாருக்கு ஒருமுறை மெத்தையில் தட்டுவது போல ஒரு அடி. அவற்றுக்கு மேலே பாட்டு எழுந்தது. அது ஹார்ன் இல்லை. கிளாரினெட். பாப்பா ஒருத்திதான் வாசித்தாள், நாற்பத்தாறு பாரும் அவள்தான். கடைசி இரண்டு பாரை மட்டும் ஹார்ன் வாங்கிக்கொண்டது. தாளில் அவளுக்குத் தனி என்று எழுதியிருந்தது, அவள் வாசித்தாள். கிணற்றுத் தண்ணீர் போலக் குளிர்ந்த சத்தம். கூடத்தின் கடைசியில் நின்ற மேனேஜர் குடையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

அக்காவின் முதுகைத்தான் நான் பார்த்தேன். ஓய்வு முடிந்து தன் இடம் வந்தபோது அவள் இரண்டு பார் தாமதமாக நுழைந்தாள். பதினேழு வருஷத்தில் அவள் எண்ணிக்கை பிசகி நான் பார்த்ததில்லை.

தனக்கு எங்கெல்லாம் ஓய்வு என்று எண்ணினாளே தவிர, அந்த நேரத்தில் வாசிக்கப் போவது யார் என்று அவள் கேட்கவில்லை. கிளாரினெட் நின்று இளைப்பாறும் இடத்தில் இன்னொரு கிளாரினெட்டை விட்டுத்தான் எழுதியிருந்தார்கள்.

ஒத்திகை முடிந்ததும் மாஸ்டர் இனிப்பான செய்தி சொல்லும் முகத்தோடு அக்காவிடம் வந்தார். மேனேஜர் கேட்டாராம், பின்னால் வாசித்த பெண் யார் என்று. அதே வீட்டுப் பெண் என்றதும், பின்னே என்ன, தேர்வன்றைக்கும் இப்படி வாசித்தால் நாற்காலியில் அவளையே உட்காரவைத்துவிடுவோம், அம்மா ஓய்வெடுக்கட்டும், வீட்டுக்கும் பங்கமில்லை என்றாராம். நில அளவை உத்தரவைப் பற்றி அக்கா எடுத்துச் சொன்னாள். அதெல்லாம் மேனேஜர் பேசிக்கொள்வார், எடைமேடையிலிருந்து அவளை விடுவிக்கிற கடிதத்தில் அவர்தானே கையெழுத்துப் போட வேண்டும் என்றார் மாஸ்டர். வேறு பாட்டுக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, மேனேஜருக்குப் பிடித்துப் போனதை மாற்ற நான் யார் என்று கையை விரித்தார். பக்கத்தில் பாப்பா கிளாரினெட்டைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். வாத்தியத்தின் ஒரு துண்டை ஒரே இடத்தில் மூன்று முறை துடைத்தாள்.

மறுநாள் பாப்பா எடைமேடையில் இருந்த நேரம். சுவர் மெல்லியது என்று முன்பே சொன்னேன். நான் ஒட்டுக் கேட்கவில்லை, காதைப் பொத்திக்கொள்ளவும் இல்லை.

"ஸ்கோர் உங்ககிட்டதானே இருந்துச்சு," என்றாள் அக்கா. "நாப்பத்தெட்டுல யார் வாசிக்கறதுன்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. அப்புறம், "தெரியும்," என்றார்.

"தெரிஞ்சுதான் சும்மா இருந்தீங்களா?"

"உன் பல்லு ஆடுது. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? ரெண்டு மாசமா ரொட்டியை நனைச்சு நனைச்சுத் தின்னுட்டிருக்க. அது தேர்வன்னைக்கு மேடையில விழுந்தா நாம எங்க போறது? மாடிப்படி ஏற எனக்கு முதுகு இருக்கா? நீ விடுதிக்குப் போயிடுவ. நான்? முதுகு போனவனுக்கு விடுதில எடம் ஏது? மறுபடி அந்த அண்ணி தட்டுதானே?"

"அதுக்கு அவளைத் தூக்கிக் குடுத்துருவீங்களா?"

"குடுக்கல. நீ தவறினா தாங்கறதுக்கு ஒரு ஆள் இருக்கட்டும்னு நெனச்சேன். அவ்வளவுதான்." ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து வைக்கிற சத்தம் வந்தது. "எனக்குப் பயமா இருக்குடி."

 எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. ஆனால் நெஞ்சைத் தொட்டுச் சொன்னால், அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் சூப்பைத்தான் கிளறிக்கொண்டிருப்பேன்.

அதன்பின் மூன்று ஒத்திகை. ஒவ்வொன்றிலும் பாப்பா அந்த நாற்பத்தாறு பாரை வாசித்தாள், ஒவ்வொரு தடவையும் முன்னைவிட நன்றாக. நடுவில் ஒருநாள் அக்கா அவளிடம், அந்த இடத்தைக் கொஞ்சம் சொதப்பிவிடேன் என்று கேட்டிருக்கிறாள். பாப்பா, "வாய்ல வெச்சுட்டா எனக்குக் கெடுத்து வாசிக்க வராதும்மா," என்றாளாம். பல்லைப் பற்றி அப்போதும் அக்கா சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எல்லாம் வேறு மாதிரி முடிந்திருக்கும், அவள் பயந்த மாதிரியே முடிந்திருக்கும்.

தேர்வுக்கு முந்தின நாள் வாத்திய அறையில் நான் டிரம் தோலை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன், மழைக்காலத்தில் தோல் தொங்கிவிடும். பாப்பா உள்ளே வந்து மவுத்பீஸில் கட்டுகிற நாணல் பட்டைகளை, ரீட்களை, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடி நின்றாள். பேச்சுவாக்கில் கேட்டாள்:

"மாமா, அந்த நாப்பத்தெட்டு பார்ல கிளாரினெட் இல்லன்னா என்ன கேக்கும்?"

"என்ன கேக்கும், ஹார்ன் முனகும், நான் டும்முனு தட்டுவேன். மாப்பிள்ளை வராத கல்யாண வீடு மாதிரி இருக்கும்."

"அம்மாவுக்கு அந்தப் பாட்டு மனப்பாடம் ஆயிருக்குமா?"

"நாலு ஒத்திகை நின்னு கேட்டிருக்கா. உங்கம்மா ஒரு தடவை கேட்டாலே போதும்."

"ஆமா," என்றாள். "அம்மாவுக்கு அது ஒரு விஷயமே இல்ல." ரீட் ஒன்றைத் தேர்ந்தெடுத்து நாக்கில் நனைத்துக்கொண்டு போய்விட்டாள். நானும் தோலைத் தட்டிப் பார்ப்பதில் முனைந்துவிட்டேன்.

ஞாயிறு பிற்பகல் நாலு மணி. உணவுக்கூடம் நிறைந்து வழிந்தது. மழை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. மேனேஜர் முதல் வரிசையில், அவர் பக்கத்தில் மேனேஜர் மனைவி. அலமாரிக்காரர் கதவருகே, முதுகுக்குச் சுவர் கொடுத்து நின்றார்.

அக்கா முதல் பகுதியை உதட்டை மடித்துக்கொண்டே வாசித்தாள். பஞ்சு மாதிரி மிருதுவான சத்தம். அது முடிகிற போதே கடைசிச் சுரம் நடுங்கியது, உதடு தீர்ந்துவிட்டது. ஓய்வு வந்தது. வாத்தியத்தை இறக்கிக் கைக்குட்டையை எடுத்தாள். ஹார்ன் ஆரம்பித்தது. நான் தட்டினேன். மாஸ்டரின் இடது கை பாப்பாவைப் பார்த்து நீண்டது.

பாட்டு எழும்பவில்லை.

எல்லாருக்கும் பின்னால் நிற்பவன் நான், எனக்கு எல்லாம் தெரியும். பாப்பாவின் கிளாரினெட் அவள் மடியில் இருந்தது. இரண்டு கையாலும் அதை அழுத்திப் பிடித்திருந்தாள். தலை நிமிர்ந்து தாளைப் பார்த்தபடி இருந்தாள். மாஸ்டர் மறுபடி கையை நீட்டினார், கண்ணை உருட்டினார். நாலு பார் போயிற்று, நான் தட்டினேன். முன் வரிசையில் யாரோ திரும்பிப் பார்த்தார்கள். பாப்பா நேற்றுக் கேட்ட கேள்வி அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ஏழாவது பாரில் அக்கா கைக்குட்டையைப் பையில் திணித்தாள். எட்டாவது பாரில் வாத்தியத்தைத் தூக்கினாள். ஒன்பதாவதிலிருந்து அவளே வாசித்தாள், பாப்பாவின் பாட்டை, தாள் இல்லாமல். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. முதல் சில பார் வரைக்கும் அந்தப் பஞ்சுச் சத்தம்தான். அப்புறம் சத்தம் மாறியது. கெட்டியாக, கூராக, கூடத்தின் கடைசிச் சுவர் வரைக்கும் போய் இடிக்கிற மாதிரி ஆகிவிட்டது. ஆஹா, அக்கா இப்போதுதான் சூடு பிடித்திருக்கிறாள் என்று நான் நினைத்தேன். அவள் பல்லை ஊன்றிவிட்டாள் என்பது எனக்கு எப்படித் தெரியும்.

அந்த ஓய்வு போனதும் அடுத்து உடனே கடைசிப் பகுதி, துள்ளுகிற வேகம், உச்சிச் சுரங்கள். ஒரு பாரைக்கூட விடாமல் ஊதித் தள்ளினாள். முடிந்தபோது கூடமே எழுந்தது. மேனேஜர் மேடைக்கே வந்து அவள் கையைப் பிடித்து, மூன்று வருஷத்துக்கு இந்த நாற்காலியைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். பின்னால் இருந்த பெண்ணைக் காட்டி, "பாவம், கூட்டத்தைப் பாத்துப் பயந்துட்டா போல," என்றார். விடுவிப்புக் கடிதத்தில் மறுநாளே கையெழுத்தும் போட்டுவிட்டார். அக்கா தலையை மட்டும் ஆட்டினாள். வாய் மூடியே இருந்தது.

மாஸ்டர் பாப்பாவைப் பிடித்துக்கொண்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். அவள் மன்னிச்சுக்கங்க என்பதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை.

வாத்திய அறைக்கு நான் டிரம்மை உருட்டிக்கொண்டு போனபோது அக்கா சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். என்னைத் திரும்பிப் பார்த்துக் கைக்குட்டையை விரித்துக் காட்டினாள். அதில் பல் இருந்தது. முகவாயெல்லாம் ரத்தம். உதட்டின்மேல் விரலை வைத்து, யாரிடமும் சொல்லாதே என்று சைகை காட்டினாள்.  அலமாரிக்காரர் தாள்களை அள்ளிக்கொண்டு உள்ளே வந்தார், பார்த்தார், தாள்களெல்லாம் கையிலிருந்து நழுவித் தரையில் பரவின. குனிந்து பொறுக்க அவரால் முடியாது. நான்தான் பொறுக்கிக் கொடுத்தேன்.

பாப்பா கிளம்ப நாலு நாள் இருந்தது. முன்பல் இல்லாத வாயை ஒரு சொல்லுக்குத் திறந்தாலும் போதும், பெண் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுவாள். அக்கா அந்த நாலு நாளும் வாய் திறக்கவில்லை. அம்மாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று அலமாரிக்காரர் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார், கேட்காதவர்களுக்கும் சொன்னார். அக்கா கூடுதல் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டு தாள் பிரிப்பில் நின்றாள். வீட்டில் பெண்ணின் சட்டைகளைத் துவைத்தாள், தேய்த்தாள், மடித்துப் பெட்டியில் வைத்தாள். பாப்பா அவள் பின்னாலேயே சமையலறைக்கும் கொடிக்கயிற்றுக்கும் அலைந்தாள்.

வியாழக்கிழமை காலையில் பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். நாலு பேரும் தகரக் கூரையடியில் நின்றோம். பஸ் வந்து நின்றதும் பாப்பா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, நாலு நாளாச்சு. திட்டவாவது திட்டிடேன்."

அக்கா தலையை அசைத்தாள்.

"நான் பண்ணினது தப்புதான். உன்னை எல்லார் முன்னாடியும் அப்படி விட்டிருக்கக் கூடாது. ஆனா வாசிச்சிருந்தா நான் இங்கயே இருந்திருப்பேன்மா. உனக்கு அது ஒண்ணுமே இல்ல, நீ எடுத்துக்குவேன்னு நெனச்சுதான்…"

அக்கா இரண்டு கையாலும் அவள் கன்னத்தைப் பிடித்தாள். தாளின் வெட்டுக் காயமெல்லாம் இருக்கும் கை. அலமாரிக்காரரால் தாங்க முடியவில்லை. "பாப்பா, அம்மாவுக்கு வந்து…" என்று ஆரம்பித்தார். அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். அவர் பேச்சை மாற்றி, "தொண்டை இன்னும் சரியாகல. போய்ச் சேந்ததும் லெட்டர் போடு," என்றார்.

பாப்பா நம்பவில்லை. அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கண்டக்டர் கத்தினார். அக்கா பெண்ணின் முதுகில் கையை வைத்துப் படியில் ஏற்றிவிட்டாள், ஏற்றினாள் என்பதைவிடத் தள்ளினாள் என்பதுதான் சரி. பாப்பா எங்கள் பக்கத்து ஜன்னலில் உட்காரவில்லை. மறுபக்கம் போய் உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பஸ் வளைவில் திரும்பி மறைந்த பிறகுதான் அக்கா வாயைத் திறந்தாள்.

"கோவம்னு நெனச்சுட்டாளே டும்மு," என்றாள். பல் இருந்த இடத்தில் காற்று ஓடி, சொல்லில் பாதி வெறும் சீற்றமாக வந்தது.

போனால் போகிறது, ஊர் போய்ச் சேர்ந்ததும் இன்ன விஷயம் என்று ஒரு கடிதம் எழுதிப் போட்டுவிடலாமே என்றேன். அலமாரிக்காரரும் ஆமாம் ஆமாம் என்று என் முகத்தைப் பார்த்தார்.

"எழுதினா வேலையை விட்டுட்டுத் திரும்பி வந்துடுவா," என்றாள் அக்கா. "மூணு வருஷம் கழிச்சுச் சொல்லிக்கலாம்."

ஆலைச் சங்கு ஊதியது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பிரிப்பு மேசைக்கு நடந்தாள். அன்று மாலை ஆறு மணிக்கு ஒத்திகை இருந்தது.